ஆப்பிரிக்கப் பிரயாணமும் மாற்றத்தக்க விமானச் சீட்டும்

நெடும்பிரயாணம் மேற்கொள்வோர் முதலில் நாளைப் பார்க்கின்றனர். அடுத்துக் கட்டணத்தைப் பார்க்கின்றனர். இரண்டும் பொருந்திவிட்டால் சீட்டை வாங்கிவிடுகின்றனர். டில்லியிலிருந்து சென்னைக்கோ, கொல்கத்தாவிலிருந்து மதுரைக்கோ ஊர் திரும்பும் நமக்கு இந்தப் பழக்கம் பெருந்தீங்கு செய்வதில்லை. ஒரு வண்டி தவறினால் மற்றொரு வண்டி கிடைக்கும். ஆனால் ஆப்பிரிக்கக் கண்டத்தில் நான்கைந்து நாடுகளை இரண்டு மூன்று மாதம் சுற்றிவரப் புறப்படுவோர்க்கு அது போதாது. குறித்த நாளில் புறப்பட இயலாவிட்டால் இந்தச் சீட்டு என்ன ஆகும் என்ற மூன்றாவது கேள்வியையும் அவர்கள் கேட்டாக வேண்டும். அதைக் கேளாமற்போனதால் நாம் பட்ட துன்பத்தையே முதலில் கூறுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் குடும்பத்துடன் மும்பையிலிருந்து ஆப்பிரிக்கா சென்றோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் திருமணம். 1860 ஆம் ஆண்டு நவம்பரில் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து அத்துறைமுகத்திற்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுசேர்த்த நாள் முதல் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய ஊர் அது. போகும் வழியில் கென்யாவையும் தான்சானியாவையும் கண்டுவிட்டு முகூர்த்தத்திற்கு இரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்வதென்று திட்டமிட்டோம். சீட்டு ஒன்றே, அதில் பகுதிகள் நான்கு. மும்பையிலிருந்து நைரோபி, நைரோபியிலிருந்து தார் எஸ் சலாம், அங்கிருந்து ஜோகானஸ்பர்க், பின்னர் மும்பை.

நைரோபியில் தங்கியிருந்தபோது, தரை வழியே சென்றால் கிளிமாஞ்சாரோ மலையைக் காணலாம் என்று பலரும் கூறினர். அந்த ஆசையில் இரண்டாம் பகுதி விமானத்தை விட்டுவிட்டு, நமாங்கா எல்லையைக் கடந்து அரூஷா, மோஷி வழியாகப் பேருந்தில் தார் எஸ் சலாம் சேர்ந்தோம். ஒரு பகுதிக்குரிய பணம் போனால் போகட்டும் என்பது நமது எண்ணம். தார் எஸ் சலாம் விமான நிலையத்தில் அந்த எண்ணம் தகர்ந்தது. இரண்டாம் பகுதியில் ஏறாத காரணத்தால் மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் தாமே ரத்தாகிவிட்டன என்று அங்கிருந்த அலுவலர் அமைதியாகக் கூறினார். அன்றைய விலையில் புதுச் சீட்டு வாங்கி, இடம் கிடைத்த விமானத்தில் ஏறி, டர்பன் போய்ச் சேர்ந்தபோது அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தனர். மணமக்களை வாழ்த்தினோம், ஆனால் மாலை மாற்றியதைக் காணவில்லை.

இதில் நிறுவனத்தின் மீது குற்றம் ஏதுமில்லை. சீட்டின் பகுதிகளை எழுதப்பட்ட வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிடத்தும் உண்டு. நமது சீட்டிலும் அது இருந்தது, நாம் படிக்கவில்லை. விமானம் புறப்படுவதற்கு முன்னர் ஒரு தொலைபேசி அழைப்பில் அந்தப் பகுதியை நீக்கச் சொல்லி, அதற்குரிய கட்டணத்தைக் கட்டியிருந்தால் எஞ்சிய பகுதிகள் பிழைத்திருக்கக் கூடும். விமானச் சீட்டு என்பது ஓர் ஒப்பந்தம். பத்திரத்தைப் படியாமல் வீடு வாங்கத் துணியாத நாம், நிபந்தனையைப் படியாமல் சீட்டு வாங்குகின்றோம்.

‘மாற்றத்தக்க சீட்டு’ என்று விளம்பரத்தில் ஒரே சொல்லாகக் கூறப்பட்டாலும், அதற்குள் மூன்று வெவ்வேறு உரிமைகள் அடங்கியுள்ளன. முதலாவது, நாளை மாற்றும் உரிமை. இரண்டாவது, வழியை மாற்றும் உரிமை. அதாவது நைரோபிக்குப் பதில் என்டெபெயிலிருந்து புறப்படும் உரிமை. மூன்றாவது, பிரயாணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை. நாளை மாற்ற இசையும் சீட்டு வழியை மாற்ற இசையாமலிருக்கலாம். இரண்டிற்கும் இசைவது பணத்தைத் திருப்பித் தர மறுக்கலாம். பெயரை மாற்றும் உரிமையோ அநேகமாக எந்தச் சீட்டிலும் இல்லை. அண்ணன் பெயரில் வாங்கியதில் தம்பி போக முடியாது.

பலர் ஏமாறும் இடம் மற்றொன்று உண்டு. ‘மாற்றக் கட்டணம் இல்லை’ என்று எழுதியிருந்தால் மாற்றம் முழுதும் இலவசம் என்று கருதிவிடுகின்றனர். அது தவறு. மாற்றக் கட்டணம் என்பது ஒன்று. கட்டண வேறுபாடு என்பது வேறொன்று. விமானத்தின் ஒரே வகுப்பில் உள்ள இருக்கைகளையும் நிறுவனங்கள் பல விலைப் படிகளாகப் பிரித்து விற்கின்றன. அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பதன் காரணம் இதுவே. நாம் வாங்கிய படியில் புதிய நாளில் இடம் இல்லையென்றால், அடுத்த படிக்குரிய கூடுதல் தொகையை நாமே கட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் நடுவில் பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வரும். நவம்பர் சீட்டை அந்நாட்களுக்கு மாற்றுவோர் மாற்றக் கட்டணத்தினும் மிகுதியான வேறுபாட்டைச் செலுத்த நேரலாம். ஆகவே நாளை மாற்றுவதென்று முடிவான அன்றே மாற்றிவிடுவது நன்று. மலிவான படிகள் முதலில் தீர்ந்துவிடும்.

எந்த விலைக்கு எவ்வளவு உரிமை வாங்கலாம் என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஒரு பேச்சுக்கு, 45,000 ரூபாய்ச் சீட்டு ஒன்றில் ஒவ்வொரு மாற்றத்திற்கும் 10,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும், 60,000 ரூபாய்ச் சீட்டில் மாற்றக் கட்டணம் இல்லை என்றும் கொள்வோம். கட்டண வேறுபாடு இரண்டிற்கும் பொது. ஒரு முறை மட்டும் மாற்றுவோர்க்கு முதற் சீட்டு 55,000 ரூபாயில் முடியும், அதுவே இலாபம். இரு முறை மாற்றுவோர்க்கு அது 65,000 ஆகிவிடும். அவர்களுக்கு இரண்டாவதே ஏற்றது. எத்தனை முறை மாறக்கூடும் என்பதை நேர்மையாக எண்ணிப் பார்த்த பின்னரே உயர்ந்த விலை கொடுக்க வேண்டும்.

காலவரையறையும் கவனிக்கத்தக்கது. முழுக் கட்டணச் சீட்டுகள் பொதுவாக ஓராண்டு செல்லுபடியாகும். சலுகைச் சீட்டுகளோ ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று சுருங்கிவிடும். நாள் மாற்றும் உரிமை இந்த எல்லைக்குள்தான் உயிரோடிருக்கும். மேலும் நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதங்களுக்கு முன்னர்தான் இருக்கைகளை விற்பனைக்குத் திறக்கின்றன. ஆதலால் ஓராண்டு தங்கப் போகிறவர், திரும்பும் நாளைச் சரியாகக் குறித்துச் சீட்டு வாங்கவே இயலாது. கிடைக்கும் நாளைக் குறித்துவிட்டுப் பின்னர் மாற்றிக்கொள்வதே அவர்க்குள்ள வழி. அவர்க்கு மாற்றும் உரிமை ஆடம்பரமன்று, அத்தியாவசியம்.

இவையெல்லாம் எக்கண்டத்திற்கும் பொருந்துமே, ஆப்பிரிக்காவை மட்டும் தனித்துக் கூறுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ஆப்பிரிக்காவின் பரப்பு ஏறக்குறைய 3 கோடி சதுர கிலோமீட்டர். நம் நாட்டைப் போல் ஒன்பது மடங்கு. அதில் ஐக்கிய நாடுகள் சபை உறுப்பு நாடுகள் 54. எந்த நாட்டு விமானம் எந்த நாட்டிற்கு வாரத்தில் எத்தனை முறை பறக்கலாம் என்பதை அவை பெரும்பாலும் இரண்டிரண்டாக உடன்படிக்கை செய்துகொண்டு தீர்மானித்து வந்தன. இந்தத் தளைகளை நீக்க 1999 ஆம் ஆண்டு ஐவரி கோஸ்ட் நாட்டின் யமூசுக்ரோ நகரில் ஒரு பொது முடிவு எடுக்கப்பட்டது. 2018 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஒற்றை விமானச் சந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. எனினும் நடைமுறை மெதுவாகவே நகர்கின்றது. அண்டை நாட்டுத் தலைநகருக்கு நேர் விமானம் இல்லாமல் வேறொரு நாட்டின் வழியாகச் சுற்றிச் செல்லும் நிலை இன்றும் பல இடங்களில் உண்டு. நேர் விமானம் உள்ள வழிகளிலும் வாரத்திற்கு இரண்டு மூன்று நாள் மட்டும் பறப்பவை உண்டு. அத்தகைய வழியில் ஒரு நாள் தவறினால், இழப்பது ஒரு நாளன்று, அரை வாரம்.

இதனால் ஆப்பிரிக்காவின் ஆகாய வழிகள் சில பெரிய சந்திப்பு நகரங்களைச் சார்ந்தே இயங்குகின்றன. ரயிலில் விழுப்புரமும் இட்டார்சியும் எப்படியோ, ஆகாயத்தில் அடிஸ் அபாபா, நைரோபி, ஜோகானஸ்பர்க், கெய்ரோ, காசபிளாங்கா ஆகியவை அப்படி. இவற்றுள் அடிஸ் அபாபாவைத் தலைமையிடமாகக் கொண்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 1945 இல் நிறுவப்பெற்று, 1946 இல் கெய்ரோவுக்குத் தன் முதற் பயணத்தை நடத்தியது. இன்று கண்டம் முழுதும் கிளை பரப்பியுள்ளது. 2011 இல் ‘ஸ்டார் அலையன்ஸ்’ என்னும் நிறுவனக் கூட்டணியிலும் சேர்ந்தது. நைரோபியை மையமாகக் கொண்ட கென்யா ஏர்வேஸ் 1977 இல் தோன்றியது. இந்தியாவிலிருந்து புறப்படும் சீட்டிலேயே இத்தகைய ஒரே நிறுவனத்தின் உட்பகுதிகளையும் சேர்த்து வாங்குவது, அவற்றை அங்கே போய்த் தனித்தனியே வாங்குவதினும் பலமுறை மலிவாக முடிகின்றது. ஆனால் சேர்க்கச் சேர்க்க, நாம் மேலே கூறிய வரிசை நிபந்தனையும் இறுகுகின்றது. சேர்ப்பதா, விடுவதா?

நமது அனுபவத்திற் கண்ட விடை இது: இரு முனைகளையும் கட்டுக, நடுவைத் திறந்துவிடுக. போவது ஓர் ஊருக்கும், திரும்புவது வேறோர் ஊரிலிருந்துமாக ஒரே சீட்டு வாங்கலாம். நைரோபியில் இறங்கி ஜோகானஸ்பர்கில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இரண்டிற்கும் இடைப்பட்ட வழி சீட்டிலேயே இல்லை. ஆகவே அதைத் தவறவிடுவதென்ற பேச்சும் இல்லை. பேருந்திலும் ரயிலிலும் விருப்பம்போல் செல்லலாம். தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் கபிரி எம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் நீளும் டசாரா ரயில் பாதை 1970 களில் சீனாவின் உதவியுடன் கட்டப்பட்டது. அதில் செல்வோர் தாமதத்திற்கு ஆயத்தமாயிருக்க வேண்டும். வண்டி ஓடுகின்றதா என்பதையும் முன்னரே கேட்டறிய வேண்டும். விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு அருகே 1905 இல் கட்டிய பாலத்தின் வழியே ஜாம்பியாவிலிருந்து ஜிம்பாப்வேக்கு நடந்தே போய்விடலாம். ஆற்றின் இரு பக்கத்திலும் விமான நிலையம் உண்டு. ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் ஏறுவது இத்தகைய திறந்த சீட்டுக்கே உரிய நன்மை. நாம் அன்று இம்முறையில் வாங்கியிருந்தால் கிளிமாஞ்சாரோவையும் கண்டிருப்போம், திருமணத்தையும் கண்டிருப்போம்.

இம்முறை வெளிமாநிலத் தமிழர்க்கு மற்றொரு வகையிலும் பயன்படும். டில்லியிற் புறப்பட்டவர், திரும்புகையில் சென்னையில் இறங்குமாறு சீட்டை அமைத்துக்கொண்டு, ஊரில் பெற்றோரைக் கண்டுவிட்டுப் பின்னர் டில்லி சேரலாம். பிலாயிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழ்வோர் மும்பைக்கோ டில்லிக்கோ சென்றுதான் விமானம் ஏற வேண்டியிருக்கும். அவ்வுள்நாட்டுப் பகுதியையும் அதே சீட்டில் சேர்த்துக்கொள்வது நலம். சேர்க்க இயலாதெனில் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

தனித்தனிச் சீட்டுகளை அடுத்தடுத்துக் கோத்துப் பயணம் செய்வது ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலும் வைப்பதற்கு ஒப்பாகும். ஒரே சீட்டில் முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், நம்மை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. சீட்டு இரண்டானால் இரண்டாவது நிறுவனத்திற்கு அந்தப் பொறுப்பு இல்லை. நாம் வராதவர் பட்டியலிற் சேர்ந்துவிடுவோம். அன்றியும் பெட்டியை இடைநகரில் நாமே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வரலாம். அதற்குக் குடிநுழைவு வாயிலைக் கடந்து வெளியே வர வேண்டும். அதற்கு அந்நாட்டு விசா வேண்டும். விசா இல்லாமையால் முதல் விமானத்திலேயே ஏற்ற மறுக்கப்பட்டவர்கள் உண்டு. தனிச் சீட்டுகள் வாங்கியே தீர வேண்டுமென்றால் இரண்டிற்கும் இடையே ஓர் இரவாவது விட்டுவைக்க வேண்டும்.

வழியில் ஒரு நகரைக் காண விரும்புவோர் 24 மணி என்னும் எல்லையை நினைவிற்கொள்ளல் வேண்டும். பன்னாட்டுப் பயணத்தில் அதற்குட்பட்ட நிறுத்தம் மாறுதல் நிறுத்தமாகவும், அதற்கு மேற்பட்டது தங்கலாகவும் கணக்கிடப்படும். தங்கலுக்கு அனுமதி உண்டா, கூடுதல் கட்டணம் உண்டா என்பதை வாங்கும்போதே கேட்டுவிட்டால், ஒரே சீட்டில் இரு நாடுகளைக் கண்ட பயன் கிடைக்கும். ‘உலகைச் சுற்றும் சீட்டு’ என்ற பெயரில் கூட்டணிகள் விற்பவை, கடல்களைக் கடந்து கண்டங்களைச் சுற்றுவோர்க்கு உரியவை. ஆப்பிரிக்காவுக்குள் மட்டும் சுற்றுவோர்க்கு அவை பொருந்தா.

சீட்டு மாற இசைந்தாலும் பிற ஆவணங்கள் மாற இசைய வேண்டுமே! கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்றிற்கும் பொதுவான 90 நாள் சுற்றுலா விசா 2014 முதல் வழங்கப்படுகின்றது. ஆனால் தான்சானியா அதில் அடங்காது. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளுக்குச் செல்வோர் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் தடுப்பூசி போட்டுக்கொண்டு சான்றிதழ் பெற வேண்டும். 2016 ஜூலை முதல் அச்சான்று ஆயுள் முழுதும் செல்லும். அது இல்லாமல் அந்நாடுகளிலிருந்து இந்தியா திரும்புவோர் 6 நாட்கள் வரை தனித்து வைக்கப்படலாம். முதலில் போக எண்ணாத நாட்டிற்கு நடுவழியில் மனம் மாறிப் போகிறவர்களே இதில் அகப்படுகின்றனர். ஆகவே வழியை மாற்றும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் ஊசியைப் போட்டுக்கொண்டே புறப்பட வேண்டும். பல நாடுகள் நுழைவிலேயே, வெளியேறும் சீட்டைக் காட்டச் சொல்கின்றன. தரை வழியே வெளியேற நினைப்போர், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் சீட்டு ஒன்றை வாங்கிக் காட்டிப் பின்னர் ரத்து செய்வதுண்டு. அப்பணம் கைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகலாம் என்பதை எண்ணிச் செலவுக்குத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் விருப்பத்தால் அன்றி உலக நிகழ்ச்சியாலும் நாள் மாறும். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது கார்ட்டூம் விமான நிலையம் மூடப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் நைஜர் நாடு தன் ஆகாயத்தை மூடியபோது பல விமானங்கள் நெடுந்தொலைவு சுற்றிச் சென்றன. நைஜீரியாவில் விற்ற சீட்டுகளின் பணத்தை வெளியே எடுக்க இயலாமல் எமிரேட்ஸ் நிறுவனம் 2022 இறுதியில் அந்நாட்டுப் பயணங்களை நிறுத்தி, 2024 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் கோமேர் நிறுவனம் 2022 மே இறுதியில் பறப்பதை நிறுத்தியது. அதன் சீட்டுகளை வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். இத்தகைய வேளைகளில் ஒரு விதி உதவும். நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால், மலிவான சீட்டுக்கும் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை பொதுவாக உண்டு. நாமாக முந்திக்கொண்டு ரத்து செய்தால் அவ்வுரிமையை இழக்கின்றோம். எனவே அச்சத்தால் அவசரப்படாமல், நிறுவனத்தின் அறிவிப்பு வரும் வரையிற் பொறுத்திருப்பது நன்று. நிறுவனமே மூடப்பட்டால் அந்த உரிமையும் பெயரளவிலேயே நிற்கும். ஆகையால் பல மாதங்களுக்குப் பிந்திய உட்பகுதிச் சீட்டுகளை இன்றே வாங்கிக் குவிப்பதும் அறிவுடைமையன்று.

எங்கே வாங்குவது என்பதும் ஒரு கேள்வி. முகவர் மூலம் வாங்கிய சீட்டை மாற்றவும் பெரும்பாலும் அம்முகவரிடமே செல்ல வேண்டும். லுசாகாவில் நமக்கு நெருக்கடி நேரும் இரவில், இங்கே அவர் கடை பூட்டியிருக்கும். மாற்றம் மிகுதியாக நேரக்கூடிய நெடும்பிரயாணத்திற்கு நிறுவனத்திடமே நேரில் வாங்குவது பாதுகாப்பு. சிக்கலான பல பகுதிச் சீட்டை அமைக்கத் தேர்ந்த முகவரின் அறிவு தேவையென்றால், எந்நேரமும் அழைக்கத்தக்க எண் அவரிடம் உண்டா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம். நாளை மாற்ற எவ்வளவு; அதன்மேல் கட்டண வேறுபாடு உண்டா? வழியை மாற்றலாமா? கைவிட்டால் அடிப்படைக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும். பயன்படாத பகுதிக்குரிய அரசு வரிகள் திரும்புமா? ஒரு பகுதியில் ஏறாவிட்டால் மற்றவை என்ன ஆகும்? சீட்டு எந்நாள் வரை செல்லும்? இவை அனைத்திற்கும் விடையை எழுத்தில் பெற்று, அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் மின்சாரம் எல்லைச் சாவடியிற் தீர்ந்துபோவதுண்டு, காகிதம் தீர்ந்துபோகாது.

ஆப்பிரிக்கா அவசரப்படுவோர்க்குத் தன்னைக் காட்டும் கண்டமன்று. நல்ல வழித்துணை கிடைத்தால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கவும், மழையில் சாலை கெட்டால் வேறு வழி போகவும் மனம் இடங்கொடுக்க வேண்டும். மனம் இடங்கொடுத்தாற் போதாது. கையிலுள்ள சீட்டும் இடங்கொடுக்க வேண்டும். டர்பன் நண்பர் அடுத்த மகளின் திருமணத்திற்கு அழைப்பு அனுப்பியபோது, ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: இம்முறை நிபந்தனையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று. படித்துவிட்டே சென்றோம், முகூர்த்தத்திற்கு மூன்று நாள் முன்னரே போய்ச் சேர்ந்து, பந்தற்கால் நடும்போது உடனிருந்தோம்.